கப்பலில் ஓர் அறை

(நம் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'கடலும் தமிழரும்' என்னும் பொருளில் இன்றைய கூட்டம் அமைகிறது என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் சற்றுத் தயங்கினேன். எனக்கு முன் பேசிய அன்பர் இருவரும் பட்டினப்பாலை காட்டும் துறைமுகத்தையும் மணிமேகலையில் வரும் கடற்பயணங்களையும் அழகுற எடுத்துரைத்துவிட்டார்கள். அவற்றைப் பேசும் புலமை எனக்கு இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், கடந்த ஓராண்டாக அன்பர்கள் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பா அம்மாவைக் கப்பலில் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம், எந்த அறையை எடுப்பது?" என்பதே அக்கேள்வி. அதையே இன்று மேடைக்குக் கொண்டுவர அனுமதி வேண்டுகிறேன். இலக்கிய வட்டத்தில் கப்பல் அறையைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிப்பவர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இல்லை என்றே நான் கொள்வேன்.

கடல்வழிச் செல்வோர் பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அந்த நூற்பாவுக்கு வேறு பொருள் கண்ட உரையாசிரியரும் உண்டு. அந்த வழக்கினுள் நான் புகவில்லை. இதை ஒருமுறை என் தாயாரிடம் சொன்னேன். "கூட்டிக்கிட்டுப் போறது இருக்கட்டும். ராத்திரியில எங்க படுக்க வைக்கிறதுன்னு அதுல ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணமே என் உரையின் பெரும்பகுதி.

என் தந்தையார் 1956ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில், நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலில் ஏறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர். சிராங்கூன் சாலையில் மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் பாட்டனார் அவரை வரவழைத்துக்கொண்டார். 1926இல் கட்டப்பெற்று, 1973 வரை அந்தப் பெயரோடு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலைப் பற்றி இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதில் அறை என்பது சிலருக்கே வாய்த்தது. பெரும்பாலோர் தளப் பயணிகள். பாய் விரித்த இடமே அறை. தகரப் பெட்டியே சுவர். எண் இல்லை, கதவு இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த கிழவி ஒருத்தி வழியெல்லாம் வெற்றிலை இடித்துக்கொண்டே வந்ததையும், தமக்கு வாந்தி வந்தபோது அவளே தலையைப் பிடித்துக்கொண்டதையும் தந்தையார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ராஜுலாவுக்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பற்றி, அத்தோடு அந்தக் கடல்வழியே பயணிகளுக்கு அற்றுப்போன செய்தி வந்த நாளில் அவர் இரவு உணவு உண்ணவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மகன் சம்பாதிக்கத் தொடங்கினால் என்ன செய்வான்? 2017 டிசம்பரில், பெற்றோரின் ஐம்பதாம் மணநாளை ஒட்டி, மரினா பே முனையத்திலிருந்து வியட்நாம் சென்று திரும்பும் ஐந்து இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்தேன். பயண முகவர் கப்பலின் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். அறைகள் உள்ள தளங்களிலேயே மிக உயர்ந்ததைக் காட்டி, அதிலும் கப்பலின் முகப்பை ஒட்டியதாக, பால்கனியோடு கூடிய அறை ஒன்றை நான் பெற்றோருக்காக எடுத்தேன். என் மனைவி மக்களுக்கும் எனக்கும், செலவை எண்ணி, மூன்று தளங்களுக்குக் கீழே சன்னலற்ற உள்ளறை. தளத்தில் பாய் விரித்து வந்தவர் உச்சியில் பால்கனியில் அமர்ந்து தென்சீனக் கடலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கணக்கு. கேட்டவர்களெல்லாம் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டிலும் எனக்கு ஒரு கண் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல் எப்படி ஆடும் என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. நம் ஊர்க் கிணற்றடியில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏற்ற மரத்தின் இரு முனைகளும் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வந்தாலும், நடுவே அது தாங்கி நிற்கும் இடம் அவ்வளவாக அசைவதில்லை. கப்பல் எதிரலையை ஏறி இறங்கும்போது முகப்பும் பின்புறமும் ஏற்ற மரத்தின் முனைகள், நடுப்பகுதி தாங்குமிடம். பக்கவாட்டில் சாயும்போதோ அது தென்னை மரம் போன்றது. அடி அசையாமல் உச்சி ஆடும். ஆகவே உயரமும் முகப்பும் ஒருங்கே சேர்ந்த அறை என்பது ஆட்டத்தின் உச்சம். தற்காலக் கப்பல்களின் இருமருங்கிலும் நீருக்குள் நீட்டிக்கொள்ளும் துடுப்புகள் உண்டு. அவை பக்கச் சாய்வை வெகுவாகக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தில் அவற்றால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை. டிசம்பரோ வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலை எழுப்பிவிடும் மாதம். மலாக்கா நீரிணையில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போகும் கப்பலில் இருப்பவர் அதே மாதத்தில் பெரும்பாலும் ஆட்டத்தை உணரவே மாட்டார். மாதத்தையும் வழியையும் அறைக்கு முன்பாகவே தேர்ந்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டாம் இரவு இரண்டு மணியளவில் என் தாயார் கழிவறைக்கு எழுந்தார். கப்பலில் குளியலறை வாயிலில் மூன்று நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு விளிம்பு இருக்கும்; உள்ளிருக்கும் நீர் அறைக்குள் வந்துவிடாமல் தடுப்பதற்கு. பகலில் நான்கைந்து முறை அதைத் தாண்டிப் போய்வந்தவர்தாம். இருட்டில், முகப்பு ஒருமுறை எழுந்து விழுந்த நேரத்தில், கால் இடறி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. முழங்காலும் மணிக்கட்டும் வீங்கிவிட்டன. எழ முடியவில்லை. தந்தையார் மயக்கம் தணிக்கும் மாத்திரையை உண்டு அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பினால் அவரும் வந்து விழுவார் என்று இவர் எழுப்பவில்லை. தொலைபேசி கட்டிலின் மறுபக்கம் இருந்தது. எட்டியிருந்தாலும், எங்கள் அறைக்கு எந்த எண்ணை அழுத்துவதென்று நான் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த விளிம்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு விடியும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

காலை உணவு மண்டபத்தில் அவர் இடக்கையால் உண்பதைக் கண்ட என் மகள்தான் கேட்டாள். அவர் சொன்ன விடை இது: "விடியட்டும்னு இருந்தேன். உனக்கு மூணு மாடி கீழ தூக்கம் கெடக் கூடாதுல்ல."

அன்று முதல் திரும்பும் நாள்வரை தந்தையாரும் அந்தப் பால்கனிக்குப் போகவில்லை. காற்றடிக்கும்போது அதன் கதவு இளைஞர் கைக்கே கனக்கும். அங்கும் ஒரு விளிம்பு உண்டு. அவர் மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தில் படகுகள் தொங்கும் நடைபாதையில் நாற்காலியொன்றைப் பிடித்துக்கொண்டு, போவார் வருவாரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். பால்கனிக்கென்று நான் கொடுத்த பணம் மேலே ஆளின்றிக் காற்றாடிக்கொண்டிருந்தது.

திரும்பிய பின், இதைப் பற்றி நான் கேட்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். நடுப்பகுதி, தாழ்ந்த தளம் என்பது முதற்பாடம், அதைச் சொல்லிவிட்டேன். தாழ்ந்த தளமென்று கேட்டவுடன் மலிவென்று எண்ணி நாணுவோர் உளர். விலை கப்பலின் உயரத்தோடு ஏறுவது பார்வைக்காக. வயிற்றுக்காகவும் முழங்காலுக்காகவும் அன்று.

அடுத்தது, வரைபடத்தில் அந்த அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மேலே நீச்சல் குளமிருந்தால் விடியுமுன்பே நாற்காலிகளை இழுக்கும் ஓசை கூரையில் கேட்கும். கீழே ஆடலரங்கோ இசைக்கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். முகப்பில் நங்கூரச் சங்கிலி, பின்புறத்தில் பொறிகளின் நடுக்கம். மேலும் அறைகள், கீழும் அறைகள் என்று இரண்டு உறங்கும் தளங்களுக்கு இடைப்பட்ட தளமே முதியோர்க்கு ஏற்றது. பதிவு செய்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த வரைபடத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஐயமே. வீடு வாங்கும்போது மட்டும் மேல்வீட்டுக்காரர் யார் என்று விசாரிக்கிறோம்.

மின்தூக்கிக்கு அருகில் என்று எல்லாரும் சொல்வார்கள். அருகில்தான் வேண்டும், ஆனால் அதன் வாயிலிலேயே வேண்டா, அங்கே இரவெல்லாம் பேச்சொலி. நான்கைந்து அறைகள் தள்ளி இருப்பது நலம். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீட்டர், தளங்கள் இருபது. இங்கிருந்து புறப்படும் கப்பல்களிலும் 300 மீட்டருக்கு மேற்பட்டவை உண்டு. ஒரே நிறக் கதவுகள் ஒரே இடைவெளியில் நீளும் நடைவழியில் எண்பது வயதானவர் ஒருமுறை தவறான பக்கம் திரும்பினால், உணவுக்குப் போன நடையைப்போல் இருமடங்கு நடந்தே தம் அறையைக் கண்டுபிடிப்பார். பல கப்பல்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு மருங்கிலும் இரட்டைப்படை மறு மருங்கிலும் இருக்கும். இதை அவர்களிடம் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். கதவுகள் இரும்பாதலால் காந்தம் ஒட்டும். என் தாயாருடைய அறைக் கதவில் இப்போதெல்லாம் ஒரு மயில் படம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு போகிறது.

சன்னலற்ற உள்ளறை மலிவு, அசைவும் குறைவு, ஆகவே முதியோர்க்கு அதுவே போதும் என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஒப்பமாட்டேன். விளக்கை அணைத்தால் அங்கே இருக்கும் இருட்டு நம் வீடுகளில் எங்கும் இல்லாத இருட்டு. காலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் வேறுபாடு தெரியாது. சற்றே நினைவு தடுமாறத் தொடங்கியவர்களை அது மேலும் குழப்பும். திறக்க முடியாத வட்டச் சன்னல் என்றாலும் சரி, பொழுது தெரிய வேண்டும். பால்கனியைப் பற்றிச் சற்று முன் கடுமையாகப் பேசினேன். அதற்கு விலக்கும் உண்டு. கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாமல் அறையிலேயே பொழுதைக் கழிக்கும் நிலையில் உள்ள தாயார் ஒருவரை என் நண்பர் அழைத்துச் சென்றார். அவருக்குப் பால்கனிதான் பயணமே. யாருக்காக எடுக்கிறோமோ அவர் பகலில் எங்கே இருப்பார் என்பதைக் கேட்டுவிட்டு எடுத்தால் பணம் வீணாகாது.

விலை குறைவென்று, அறையின் வகையை மட்டும் நாம் சொல்லி, எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனமே கடைசியில் ஒதுக்கும் முறை ஒன்றுண்டு. இளைஞர்க்கு அது நல்ல பேரம். முதியோரோடு போகிறவர் அதன் பக்கம் போகக் கூடாது. நடுப்பகுதி என்று நாம் எண்ணியிருக்க, கப்பலின் வாலில் கொண்டுபோய் வைப்பார்கள்.

எல்லாவற்றினும் நான் முதன்மையாகக் கருதுவது இடைக்கதவு. பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டை எடுத்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே உள்ளேயே திறந்துகொள்ளும் கதவுடைய அறைகள் தனியாக உண்டு, கேட்டுப் பெற வேண்டும். அந்தக் கதவின் வழியே மறுபுறத்து ஓசை வரும் என்று பிறர் அவற்றைத் தவிர்ப்பார்கள். நமக்கு வேண்டியதே அந்த ஓசைதானே. மூன்றாம் நான்காம் ஆளுக்கென்று கூரையிலிருந்து இறங்கும் படுக்கையும், இரவில் விரிக்கும் சோபாவும் கொண்ட ஒற்றை அறையில் எல்லாரும் அடங்கிவிடலாம் என்று முகவர் சொல்வார். விரித்தபின் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையே வழி இருக்காது. இரவில் இருமுறை எழுபவர்க்கு அந்த வழிதான் அறை.

அவசர நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்லியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் உயிரிழந்தார்கள். முதல்நாள் ஏறியவர்களில் பலருக்கு அப்போது பயிற்சி நடந்திருக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று அதன்பின் விதி மாற்றப்பெற்று 2015 முதல் நடப்பில் உள்ளது. நம்மவர் பலர் அந்த நேரத்தில் பெற்றோரை அறையில் படுக்கவைத்துவிட்டுத் தாம் மட்டும் போய்வருகிறார்கள். நெருப்போ மோதலோ நேர்ந்தால் மின்தூக்கி உதவாது, படிக்கட்டுதான். படகுத் தளத்திலிருந்து எட்டு மாடி உயரத்தில் பெற்றோரை வைத்துவிட்டு, அவர்களை யார் இறக்குவது என்று நான் 2017இல் ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததில்லை. கூடுமிடத்துக்கு ஓரிரு தளங்களுக்குள் அறை இருப்பதும், இறங்க உதவி வேண்டியவர் என்று முன்னரே அலுவலரிடம் பதிந்து வைப்பதும் தேவை.

துறைமுகங்களையும் பார்க்க வேண்டும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் கரையிலேயே அணையும். புக்கெட்டின் பாத்தோங்கில் கடலில் நின்று சிறுபடகில் இறக்குவார்கள். அலை இருந்தால் சக்கர நாற்காலிக்கு அங்கே இடமில்லை. மருத்துவச் செலவு கப்பலில் கடுமையாக இருக்கும், பயணக் காப்புறுதி இன்றி ஏறக் கூடாது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன்.

2024இல் மீண்டும் ஒருமுறை போகலாம் என்ற எண்ணம் எழுந்தது. பினாங்கு வழியாகப் புக்கெட் சென்று திரும்பும் பயணம். தந்தையாருக்கு அப்போது 82 வயது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வெளியே சக்கர நாற்காலி. வழக்கமான கப்பல் அறைகளின் கதவில் சக்கர நாற்காலி பெரும்பாலும் நுழையாது. நடைவழியிலோ அதை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். அத்தகையோர்க்கென்றே அகன்ற கதவும், விளிம்பில்லாத குளியலறையும், சுவரில் கைப்பிடிகளும், நீராட உட்கார மடிப்புப் பலகையும் உள்ள அறைகள் சில உண்டு. கப்பலின் பெருமைக்கு அவை மிகச் சில, முன்கூட்டியே முடிந்துவிடும். தேவையில்லாதவர் இடவசதிக்காக அவற்றைப் பிடித்துக்கொள்வதைத் தடுக்க, பயணியின் உடல்நிலையைக் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். அதை நேர்மையாக நிரப்ப வேண்டும்.

அந்தப் படிவத்தை நான் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். படியேற இயலுமா என்பது ஒரு கேள்வி. "இயலும்" என்றார். துணையின்றி நடப்பவரா என்பது அடுத்தது. "ஆமாம்னு போடு" என்றார். நாற்காலி வேண்டுமா என்றதற்கு, "ராஜுலாவுல ஏணியில ஏறினவன்டா நான்" என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். படிவம் மேசையில் கிடந்தது. நான் எழுதிவிடலாம், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவரறியாமல் அவரை இயலாதவர் என்று ஒரு தாளில் எழுத என் கை வரவில்லை. பொய் எழுதி அனுப்பிவிட்டு அந்த விளிம்புக்கு முன்னே மீண்டும் ஒருவரைக் கொண்டு நிறுத்தவும் மனம் இல்லை. பயணத்தையே விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் இருந்தேன்.

தாயார்தாம் வழி கண்டார். ஒருநாள் மாலை, தந்தையாரும் கேட்கும்படி, "எனக்குத்தான் முட்டி சரியில்லையே. போன தடவை விழுந்தேன்ல. எனக்குன்னு எழுதி அந்தக் கைப்பிடி வெச்ச ரூமை வாங்கு தம்பி. அப்பா எனக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்றார். தந்தையார் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ஆமா, அவளால முடியாது" என்றார்.

அவர் முட்டியும் உண்மையிலேயே சரியில்லைதான். 2017இன் வீக்கம் முழுதாக வடியவேயில்லை. ஆகவே அவர் பெயரில் எழுதியது பொய்யாகாது. தந்தையாரின் நிலையைக் கப்பல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தனியே விளக்கினேன். இது மறைவாகச் செய்ததாகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். அவ்வளவையாவது செய்யாமல் அவரைக் கப்பலில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. தந்தையாரும் அறியாதவராக இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. முனையத்தில் நாற்காலியோடு ஊழியர் வந்து நின்றபோது, "அம்மாவுக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் விடைக்குக் காத்திராமல் தாமே அமர்ந்துகொண்டார். தாயார் அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

ஏழாம் தளம், கப்பலின் நடு, கடல் பார்க்கும் பெரிய சன்னல். மேலும் கீழும் அறைகள். எங்கள் அறை பக்கத்தில். இடைக்கதவு இரவெல்லாம் ஒரு சாண் திறந்திருந்தது. குளியலறை விளக்கை எரியவிட்டு அதன் கதவைப் பாதி சாத்தி வைத்தோம். தொலைபேசி அருகே எங்கள் அறை எண்ணைப் பெரிய தமிழ் எழுத்தில், சொல்லாகவே எழுதி ஒட்டினேன். முதல் இரவு தாயார் இருமுறை எழுந்தது எனக்குக் கேட்டது. கைப்பிடியில் அவர் வளையல் உரசும் ஒலி. பின் கட்டில் ஒலி. பின் உறங்கினேன்.

பினாங்கில் கப்பல் அணைந்தது விடியற்காலையில். இடைக்கதவைத் தள்ளித் தந்தையார் கூப்பிட்டார். நான் போனபோது அவர் சன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். வெளியே துறைமுக விளக்குகள் அணையாமல் இருந்தன. கயிறு வாங்கிக் கட்டும் ஆட்கள் கரையில் நின்றார்கள், முகம் தெரியும் தொலைவில்.

"கிட்டத்தட்ட இந்த உயரத்துலதான் எங்க பாய் இருந்துச்சு" என்றார். "இங்கேர்ந்து பார்த்தாத்தான் ஆளு ஆளாத் தெரியும். போன தடவை மேலேருந்து பார்த்தா எல்லாம் எறும்பு."

தாயார் படுக்கையிலிருந்தபடியே, தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் கீழே போய் மூன்று கோப்பை வாங்கி வந்தேன்.